சிறு வண்டியை நீட்டுதல்: ஆஸ்திரேலிய நாட்டு முறையும் சட்டமும்

ஒரு பொருளைச் செய்தவன் ஒருவனாயிருக்க, அதனை வாங்கியவன் தன் தேவைக்கேற்பத் திருத்திக்கொள்ளுதல் உலக வழக்கு. குடியானவன் கலப்பையின் மேழியைத் தன் கைக்கேற்பச் சீவிக்கொள்கிறான். பாரவண்டிக்காரன் வைக்கோல் மிகுதியாக ஏற்றும்பொருட்டு வண்டியின் இருபக்கங்களிலும் நெடுங்கோல்களை நட்டுக்கொள்கிறான். இவற்றில் அரசாங்கம் தலையிடுவதில்லை. ஆனால் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓடவல்ல மோட்டார் வண்டியொன்றின் முதுகெலும்பை அறுத்து, இடையில் இரும்பை வைத்து நீட்டிப் பொதுச்சாலையில் விட ஒருவன் விரும்புவானாயின் அவ்விருப்பம் அவனோடு நிற்பதன்று. எதிரே வருவோரும், அருகே நடப்போரும், அவ்வண்டியைப் பின்னாளில் விலைக்கு வாங்குவோரும் அதில் பங்குடையராகின்றனர். ஆகவே அங்கே சட்டம் குறுக்கிடுகின்றது.

அது தடைசெய்யவோ, வழிகாட்டவோ குறுக்கிடுகின்றது என்பதை ஆராய்வதற்கு ஆஸ்திரேலியா ஏற்ற நாடாகும். நான்கு சக்கரங்களாலும் இழுக்கப்படும் சிறு வண்டிகளை நீட்டி, 'யூட்' எனப்படும் சுமைவண்டிகளாக மாற்றிக்கொள்வோர் அங்கே பலர் உளர். அவர்கள் கைக்கொள்ளவேண்டிய இயந்திர நூல் முறையையும் சட்ட முறையையும் இக்கட்டுரை சுருங்கக் கூறும்.

யூட் என்பது யாது?

முன்பாதி பிரயாண வண்டியாகவும் பின்பாதி திறந்த சுமைத்தட்டாகவும் அமைந்த மோட்டார் வண்டியே யூட். விக்டோரியா மாகாணத்துக் கிப்ஸ்லாந்துப் பகதியில் வாழ்ந்த விவசாயி ஒருவரின் மனைவியார் போர்டு கம்பெனியாருக்கு எழுதிய கடிதமே இதற்கு வித்து என்று வழங்கிவருகின்றது. ஞாயிற்றுக்கிழமையில் ஆலயத்திற்கு நனையாமற் செல்லவும், திங்கட்கிழமையில் பன்றிகளைச் சந்தைக்குக் கொண்டுபோகவும் ஒரே வண்டி வேண்டும் என்பது அவ்வம்மையாரின் விண்ணப்பமாம். ஜீலாங் நகரத்துத் தொழிற்சாலையில் பணியாற்றிய லூயிஸ் பாண்ட் என்னும் இளைஞர் அதற்குரிய வடிவத்தை வரைந்தார். 1934-ஆம் ஆண்டில் வண்டி விற்பனைக்கு வந்தது. ஏழைக் குடியானவனால் இரண்டு வண்டிகள் வைத்திருக்க இயலாதாகையால், ஒன்றே இரண்டின் வேலையையும் செய்த இவ்வண்டி அந்நாட்டில் வேரூன்றியது.

காலம் மாறிற்று. போர்டு கம்பெனியார் 2016-லும் ஹோல்டன் கம்பெனியார் 2017-லும் ஆஸ்திரேலியாவில் யூட் செய்வதை நிறுத்திவிட்டனர். இந்நாளில் அங்கு விற்கப்படுவன பெரும்பாலும் தாய்லாந்து முதலிய நாடுகளிலிருந்து வரும் பெரிய வண்டிகள். குறுகிய காட்டுப் பாதையிலும், சேற்றுநிலத்திலும், சிறு பண்ணையிலும் ஓடுவதற்கு எளிய சிறு வண்டியை விரும்புவோர் ஸுஸுகி கம்பெனியாரின் ஸியரா, ஜிம்னி போன்றவற்றை வாங்கிப் பின்புறக் கூட்டை அகற்றித் தட்டு வைத்துக்கொள்ள முயல்கின்றனர். ஆனால் அவ்வண்டிகளோ மிகக் குட்டையானவை. கூட்டை அகற்றியபின் எஞ்சும் இடம் ஒரு ஆட்டையும் சில மூட்டைகளையும் வைப்பதற்கே காணும். ஆதலால் நீட்டவேண்டும் என்னும் எண்ணம் பிறக்கின்றது.

அடிச்சட்டமும் அதன் இயல்பும்

இக்காலத்துக் கார்கள் பெரும்பாலும் கூடே உடலாக அமைந்தவை. மேற்கூறிய சிறு வண்டிகளோ பழைய முறைப்படி 'சேஸிஸ்' என்னும் தனி அடிச்சட்டத்தின்மேல் ஏற்றப்பட்டவை. அவ்வடிச்சட்டம் கிடத்தப்பட்ட ஏணி போன்றது. இரண்டு நீள்சட்டங்கள் முன்பின்னாக ஓட, அவற்றைக் குறுக்குச்சட்டங்கள் பிணைக்கின்றன. இயந்திரம், அச்சுகள், வில்கள், பெட்ரோல் தொட்டி, மேற்கூடு ஆகிய அனைத்தையும் தாங்குவது இவ்வேணியே. தனிச்சட்டம் இருப்பதனாலேயே இவ்வண்டிகளை நீட்டுவது இயலுகின்றது. ஆனால் இயலும் என்பது வேறு, தகும் என்பது வேறு.

முன் அச்சிற்கும் பின் அச்சிற்கும் இடைப்பட்ட அளவை அச்சிடைத் தூரம் என்போம். குட்டை ஸியராவில் அஃது 2030 மில்லிமீட்டர். அதே வண்டியில் தொழிற்சாலையாரே நீண்ட வகையொன்றும் செய்தனர். அதன் அச்சிடைத் தூரம் 2375 மில்லிமீட்டர். நம் நாட்டில் 1985-இல் வெளிவந்து, போலீஸாரும் இராணுவத்தாரும் வெகுவாகப் பயன்படுத்திய மாருதி ஜிப்ஸி இந்நீண்ட வகையைச் சார்ந்ததே. அவ்வாறே பிற்காலத்து ஜிம்னியில் மூன்று கதவு வண்டிக்கு 2250 மில்லிமீட்டரும், 2023-இல் குருகிராமத்தில் செய்யப்பட்டு வெளிவந்த ஐந்து கதவு வண்டிக்கு 2590 மில்லிமீட்டரும் உள. ஆகவே, தொழிற்சாலையாரும் ஏறத்தாழ முக்கால் முழமளவுதான் நீட்டியிருக்கின்றனர். அதற்கும் அவர்கள் புதிய கணக்கும் புதிய சோதனையும் செய்தே வண்டியை வெளியிட்டனர்.

நீளம் கூடினால் என்ன நேரும்?

இரு சுவர்களின்மேல் கிடக்கும் உத்திரத்தை நினைத்துக்கொள்க. அதே பருமனுள்ள உத்திரத்தை நீளமாக வைத்து, நடுவில் அதே பாரத்தை ஏற்றினால், அதன் வளைவு நீளத்தின் முப்படியளவிற் பெருகும். இவ்விதியை ஸியராவிற்குப் பொருத்திப் பார்ப்போம். 2030 மில்லிமீட்டரை 2375 ஆக்கினால் நீளம் நூற்றுக்கு 17 பங்கே கூடுகின்றது. ஆனால் வளைவோ நூற்றுக்கு 60 பங்கு கூடுகின்றது. வண்டியின் அடிச்சட்டம் எளிய உத்திரமன்று. குறுக்குச்சட்டங்களும் மேற்கூடும் அதற்கு உதவுகின்றன. எனினும் உண்மையின் போக்கு இதுவே. யூட்டாக மாற்றும்போது அவ்வுதவியில் ஒரு பங்காகிய மேற்கூட்டின் பின்பாதியையும் நாம் வெட்டி எடுத்துவிடுகின்றோம் என்பதை மறத்தலாகாது.

வளைவேயன்றி முறுக்கும் உண்டு. மேடுபள்ளமான நிலத்தில் ஒரு முன்சக்கரம் உயர, எதிர்ப்பக்கத்துப் பின்சக்கரமும் உயருமாயின், ஈரத்துணியைப் பிழிவதுபோல அடிச்சட்டம் முறுக்கப்படும். 2018-ஆம் ஆண்டின் ஜிம்னியில் இம்முறுக்கைத் தாங்குவதற்காகவே பெருக்கற்குறி வடிவான பிணைப்பொன்றைச் சட்டத்தின் நடுவே புதிதாக அமைத்தனர். நீட்டுவோன் அறுக்க விரும்பும் இடமும் அந்நடுப்பகுதியே. அப்பிணைப்பின் பயனை அறியாமல் அதனை அறுப்பவன், கம்பெனியார் ஆராய்ந்து சேர்த்த வலிமையை ஒரு நாழிகையிற் போக்கிவிடுகின்றான்.

வெட்டும் இடமும் பொருத்தும் முறையும்

நீட்டுவதற்கு இருவழிகள் உள. பின் அச்சிற்கு அப்பால் வால்போல நீட்டுதல் ஒன்று. இரண்டு அச்சுகளுக்கும் நடுவே அறுத்து அச்சிடைத் தூரத்தையே கூட்டுதல் மற்றொன்று. முதல்வழி எளிது, எனினும் அதற்கு எல்லையுண்டு. பின் அச்சிற்குப் பின்னால் நீளும் பகுதி அச்சிடைத் தூரத்தில் நூற்றுக்கு 60 பங்கை மிஞ்சலாகாது என்பது ஆஸ்திரேலிய விதி. குட்டை ஸியராவிற்கு அஃது 1218 மில்லிமீட்டரே.

இவ்விதி காரணமின்றி எழுந்ததன்று. பின் அச்சிற்கு 600 மில்லிமீட்டர் பின்னால் 100 கிலோ பாரம் வைத்ததாகக் கொள்க. அது துலாக்கோல்போல் வேலைசெய்து, குட்டை வண்டியின் முன் அச்சிலிருந்து ஏறத்தாழ 30 கிலோவைத் தூக்கிவிடும். பின் அச்சோ 130 கிலோவைத் தாங்கவேண்டிவரும். முன்சக்கரங்கள் நிலத்தை இறுகப் பற்றாவிடின் திருப்புவதும் நிறுத்துவதும் கெடும். ஆகையால் தட்டின் நடு பின் அச்சிற்குச் சற்று முன்னாலேயே அமையவேண்டும். இதன்பொருட்டே அறிந்தோர் இரண்டாம் வழியை நாடுகின்றனர்.

இரண்டாம் வழியில் கவனிக்கவேண்டியவை பல. வில்களும் இயந்திரமும் பொருத்தப்பட்ட இடங்களுக்கும், குறுக்குச்சட்டங்கள் சேருமிடங்களுக்கும் விலகி, நேரான பகுதியைத் தெரிந்தெடுத்து அறுக்கவேண்டும். இடையில் வைக்கும் இரும்பு பழைய சட்டத்தின் வடிவும் தடிப்பும் தரமும் உடையதாயிருத்தல் வேண்டும். பற்றவைக்கும் கோடு செங்குத்தாக ஒரே தளத்தில் அமையாமற் சாய்வாகவோ படிப்படியாகவோ செல்லுதல் நலம். ஏனெனில் சட்டத்தின் மேல்விளிம்பிலும் கீழ்விளிம்பிலுமே இழுப்பும் அழுத்தமும் மிகுதி. நடுப்பக்கத்தில் அவை குறைவு. விளிம்புகளைக் குறுக்கே கடக்கும் வெல்டிங் கோடு, வேட்டியின் கரையில் விழுந்த கிழிசலைப் போன்றது. துளையிட நேரின் நடுப்பக்கத்திலேயே இடவேண்டும்.

சேர்ப்பிடத்தை வலுப்படுத்த உள்ளேயோ புறத்தேயோ தகடு வைப்பதுண்டு. அத்தகட்டின் முனைகள் சரிவாகக் குறுகி முடியவேண்டும். சதுரமாக வெட்டி நிறுத்திவிட்டால், விறைத்த பகுதியும் வளையும் பகுதியும் திடீரெனச் சந்திக்கும் அவ்விடத்தில் நாளடைவில் வெடிப்புத் தோன்றும். 'தகடு தடித்தால் வலிமை மிகும்' என்று பலர் எண்ணுவது இங்கே பிழையாய் முடிகின்றது. வேலை நடக்கும்போது சட்டம் முழுதும் அசையாதபடி தாங்கியில் இறுக்கப்பட்டு, மூலைக்கு மூலை அளந்து இரு மூலைவிட்டங்களும் ஒத்திருக்கக் காணவேண்டும். பெட்ரோல் தொட்டியும் குழாய்களும் முன்னதாகவே அகற்றப்படல் வேண்டும். பாட்டரி இணைப்பையும் கழற்றவேண்டும். இல்லையேல் வெல்டிங் மின்சாரம் வண்டியின் நுண்ணிய மின்கருவிகளைக் கெடுத்துவிடும்.

இவற்றிலெல்லாம் உள்ள பெருந்தொல்லை யாதெனில், தவறு உடனே வெளிப்படாமையே. கெட்ட வெல்டிங் அன்றைக்கே முறியுமாயின் எவர்க்கும் தீங்கில்லை. அது முறிவதில்லை. பல்லாயிரம் குலுக்கல்களைத் தாங்கி, மயிரிழைபோன்ற வெடிப்பை வளர்த்து, ஒருநாள் சுமையோடும் வேகத்தோடும் செல்லும்போதே கைவிடும். வர்ணம் பூசியபின் நல்ல வெல்டிங்கும் தீய வெல்டிங்கும் கண்ணுக்கு ஒன்றே.

உடன் மாறுவன

அடிச்சட்டம் நீண்டால் அதனோடு சேர்ந்தவையும் நீளவேண்டும். பிரேக் குழாய்கள், கைப்பிரேக் கம்பி, பெட்ரோல் குழாய், மின்கம்பிகள் ஆகியவற்றை இழுத்து ஒட்டுப்போடுவது தகாது. உரிய நீளத்தில் முறையாக அமைக்கவேண்டும். பின் அச்சைச் சுழற்றும் புரொபெல்லர் ஷாப்ட் நீளும்போது மற்றொரு இடர் தோன்றுகின்றது. ஒவ்வொரு சுழல்தண்டிற்கும் அதனை மிஞ்சினால் அதிர்ந்து வளையும் ஒரு வேகம் உண்டு. அவ்வேகம் நீளத்தின் இருபடிக்கு மாறாகக் குறையும். தண்டு இருமடங்கு நீண்டால் வேகம் கால்பங்காகிவிடும். ஆகவே பருத்த குழாயாலான தண்டைச் செய்து சமன்பார்த்து மாட்டுவர். அன்றேல் இரண்டு துண்டாக்கி நடுவே பேரிங் வைப்பர்.

திரும்பும் வட்டம் பெரிதாகும். நடுவயிறு மேட்டில் தட்டும். பின்புறக் கூடு நீங்கி வெறுந்தட்டோடு ஓடும்போது பின்சக்கரங்களின்மேற் பாரம் குறைந்து, பிரேக் இட்டவுடன் அவை பூட்டிக்கொண்டு வழுக்குதலும் கூடும். புதிய வண்டிகளில் சறுக்கலைத் தடுக்கும் மின்கருவி உண்டு. அஃது ஓட்டுபவன் திருப்பிய அளவையும், வேகத்தையும், அச்சிடைத் தூரத்தையும் கொண்டு, வண்டி இவ்வளவு திரும்பவேண்டும் என்று கணிக்கின்றது. அச்சிடைத் தூரத்தை மாற்றியது அதற்குத் தெரியாது. எனவே பொய்யான கணக்கைக்கொண்டு, தேவையில்லாதபோது பிரேக்கை இடவும், தேவையானபோது வாளாவிருக்கவும் கூடும். பழைய ஸியராவை நீட்டுவது எளிதாகவும் புதிய ஜிம்னியை நீட்டுவது அரிதாகவும் இருப்பதற்கு இஃது ஒரு காரணம்.

நீளம் வேறு, பாரம் வேறு

இனி யாவரும் எளிதில் ஏமாறும் ஒரு செய்தி கூறுவோம். வண்டி நீண்டது என்பதனால் அஃது அதிகப் பாரம் சுமக்க உரிமை பெறுவதில்லை. ஒவ்வொரு வண்டிக்கும் அதன் சொந்த எடை, ஆட்கள், சுமை அனைத்தும் சேர்ந்த மொத்தப் பார வரம்பு ஒன்றைத் தொழிற்சாலையார் குறித்திருக்கின்றனர். மூன்று கதவு ஜிம்னிக்கு அஃது 1435 கிலோ. வண்டியின் எடை ஏறத்தாழ 1100 கிலோ. இருவர் அமர்ந்தால் 160 கிலோ ஆகும். எஞ்சுவது 175 கிலோ. நம் ஊர்ச் சிமெண்டு மூட்டையில் மூன்றுக்குச் சற்று மேல். வெட்டியெடுத்த கூட்டின் எடையும், புதிய தட்டும் இரும்பும் சேர்ப்பதனால் வரும் எடையும் ஒன்றையொன்று பெரும்பாலும் ஈடுசெய்துவிடும். ஆதலால் நீட்டியவனுக்குக் கிடைப்பது இடமேயன்றிச் சுமையன்று. வைக்கோற்கட்டு, வேலிக்கம்பி, படுக்கைச் சாமான் ஆகிய பருத்த இலேசான பொருள்களுக்கு அது பயன்படும். மணலுக்கும் கல்லுக்கும் ஆகாது. வரம்பை உயர்த்துவதற்கு வேறு சான்று வேண்டும்; அது தனி வேலை.

சட்டத்தின் வழி

ஆஸ்திரேலியாவில் இரண்டு அரசாங்கங்கள் இதில் ஈடுபடுகின்றன. புதிய வண்டி முதன்முதல் விற்பனைக்கு வரும்போது அது ஆஸ்திரேலிய வடிவமைப்பு விதிகளுக்கு இணங்கவேண்டும். இதனை மேற்பார்ப்பது 2018-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மத்திய அரசாங்கம். வண்டி பதிவாகித் தெருவிற்கு வந்தபின் அதனை மாற்றுவதைக் கண்காணிப்பவை மாகாண அரசாங்கங்கள். எல்லா மாகாணங்களுக்கும் பொதுவான வழிகாட்டியாக 'வி.எஸ்.பி. 14' என்னும் தொகுப்பு நூல் உள்ளது. சான்று வேண்டாத சிறு மாற்றங்கள் இவை, சான்று வேண்டிய பெருமாற்றங்கள் இவை என அது பகுத்துரைக்கின்றது. அடிச்சட்டத்தை நீட்டுதல் பெருமாற்றமே.

சான்றளிப்போரின் பெயரும் முறையும் மாகாணந்தோறும் வேறுபடும். நியூ ஸவுத் வேல்ஸில் உரிமம்பெற்ற சான்றாளர் சான்றிதழ் தருவார். விக்டோரியாவில் அதற்கெனக் கையொப்பமிடும் அதிகாரம்பெற்ற பொறியாளர்கள் உளர். குவீன்ஸ்லாந்தில் அங்கீகாரம்பெற்றவர் வண்டியிலேயே ஒரு தகட்டைப் பதிப்பார். மேற்கு ஆஸ்திரேலியாவிலோ வேலை தொடங்குவதற்கு முன்னரே அரசாங்கப் போக்குவரத்து இலாகாவிற்கு விண்ணப்பித்து அனுமதி பெறல் வேண்டும். ஆயினும் எல்லா இடத்திற்கும் ஒத்த ஒழுங்கு பின்வருமாறு:

முதலாவது, இரும்பைத் தொடுமுன் பொறியாளரைக் காணுதல். வரைபடமும் கணக்கும் அவர் பார்வைக்கு வைக்கப்படும். வேலை முடிந்தபின் சென்று கேட்பது, சமையல் முடிந்தபின் அரிசியில் கல் உண்டோ என்று வினவுவது போலாம்.

இரண்டாவது, வண்டியின் வகை மாற்றம். ஆட்கள் ஏறும் காட்டுவண்டி 'எம்.சி.' என்னும் வகையிற் சேரும். இலேசான சுமைவண்டி 'என்.ஏ.' வகையிற் சேரும். வகை மாறவே ஆசனங்களின் எண்ணிக்கை, இடைவார் பூட்டுமிடங்கள், பின்விளக்குகள், எண்பலகை விளக்கு, பெட்ரோல் ஊற்றும் வாய் ஆகியவை மறுபடி ஆராயப்படும். முன்பாதிக் கூட்டின் பின்புறம் உறுதியான சுவரால் அடைக்கப்பட்டுப் புகை உட்புகாதிருத்தல் வேண்டும்.

மூன்றாவது, அடிச்சட்டத்திற் பொறித்த எண்ணைக் காத்தல். அவ்வெண்ணே வண்டியின் பெயரும் பிறப்பும். அதனை அறுப்பதும், அதன்மேற் பற்றவைப்பதும், மறைப்பதும் குற்றமாகும்.

நான்காவது, இடைநிலைப் பார்வை. சேர்ப்பிடங்கள் தகட்டாலும் வர்ணத்தாலும் மூடப்படுமுன் பொறியாளர் நேரிற் காணவேண்டும். மூடியதை எவராலும் பார்க்க இயலாது. பார்க்காததற்கு நேர்மையுள்ளவர் எவரும் சான்று தாரார்.

ஐந்தாவது, முடிந்தபின் சோதனை. அச்சுகளின் எடையும், பிரேக்கின் திறனும், திரும்பும் இயல்பும், தேவைப்படின் சட்டத்தின் வளைவும் முறுக்கும் அளக்கப்படும். பின்னர்ச் சான்றிதழ் கிடைக்கும். பதிவேட்டிலும் மாற்றம் குறிக்கப்படும். இன்ஷூரன்ஸ் கம்பெனியாருக்கும் அறிவிக்கவேண்டும். அறிவிக்காதவன் விபத்துக் காலத்தில் உதவி மறுக்கப்படுதல் கூடும்.

இவ்வளவு தொல்லை எதற்கு எனின், வேறொரு வழியும் உண்டு. தொழிற்சாலையாரே செய்த நீண்ட அடிச்சட்டம் கிடைக்குமாயின், அதனை முழுதாகப் பயன்படுத்துவது அறுத்து ஒட்டுவதினும் சிறந்தது. அதற்கும் சான்று வேண்டும். ஆனால் நடுவே ஒட்டு இல்லாமையால் ஐயப்பாடு குறைவு.

முடிவுரை

சட்டம் நீட்டாதே என்று கூறவில்லை. நீட்டியதை அறிந்தவர் ஒருவர் கண்டு கையொப்பமிடட்டும் என்றே கூறுகின்றது. தொழிற்சாலையார் பல வண்டிகளை மோதியும் குலுக்கியும் பெற்ற உறுதியை, ஒற்றை வண்டியை வைத்திருக்கும் தனிமனிதன் பெறுதற்கு இயலாது. அதற்கு ஈடாக அவனுக்குக் கிடைப்பது பொறியாளரின் கண்ணும் கணக்குமே. செலவும் காலமும் அதற்கு ஆகின்றன என்பது மெய்யே. அச்செலவு தன் வண்டி வலியது என்று பிறருக்குக் காட்டுவதற்கன்று, பிறர் அதனை அறியாமலேயே நம்பிச் செல்வதற்காம்.

உபாகமத்தின் 22-ஆம் அதிகாரத்தில் ஒரு கட்டளை உண்டு. புதுவீடு கட்டுகின்றவன் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச்சுவர் அமைக்கவேண்டும். எவனாவது விழுந்தால் அப்பழி வீட்டின்மேல் வரும் என்பது அதன் கருத்து. வீடு அவனுடையது, பணம் அவனுடையது. எனினும் விழுபவன் அண்டைவீட்டானாக இருக்கலாம். இயந்திரத் தொழில் பயிலும் நம் மாணவர்கள் நாளை எத்தனையோ பொருள்களை வெட்டியும் ஒட்டியும் திருத்தியும் தம் கைவண்ணத்தைக் காட்டுவர். அப்போது தம் வேலையை மூடி வர்ணம் பூசுமுன், குற்றங்காண வல்லவர் ஒருவரை அழைத்துக் காட்டும் பழக்கத்தை இப்பொழுதே மேற்கொள்வாராயின், அவர்கள் அமைத்த வண்டியில் ஏறுவோரும் அதற்கெதிரே வருவோரும் அச்சமின்றிச் செல்வர்.